யானைக்குத் தீனி

‘யானையைக் கட்டித் தீனி போடுவது’ என்று எம்மவர் ஒரு பேச்சு வழங்குவர். அப்பேச்சின் முழுப்பொருளை நாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்கவில்லை. எமது வீட்டு முற்றத்து வேப்பமரத்தின்கீழ் நிற்கும் மோட்டார் வண்டியிடமே கற்றோம். கல்லூரியில் வரலாறு படிப்பிக்கும் ஓர் ஆசிரியனுக்கு மெர்சிடிஸ் பென்ஸ் கார் எதற்கு என்று கேளாதவர் எமது ஒழுங்கையில் எவரும் இலர். கேட்டவர்களுள் முதல்வர் எமது தந்தையார். வண்டிக்கு ‘யானை’ என்று பெயர் சூட்டியவரும் அவரே. சாம்பல் நிறமும் பெருத்த உடலும் அப்பெயருக்குப் பொருந்தியமையால், பெயர் நிலைத்துவிட்டது.

அவ்வண்டி நாம் தேடிப் பெற்றதன்று. கொழும்பில் வைத்தியராக இருந்த எமது தாய்மாமன் 1984ஆம் ஆண்டில் அதனை வாங்கினார். பிள்ளைகள் இல்லாத அவர், தம் இறுதிக் காலத்தில், “இதை விற்கவேண்டாம், மருமகனுக்குக் கொடுங்கள்” என்று சொல்லிவைத்தார். 2012ஆம் ஆண்டில் அது யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. வந்த அன்று தந்தையார் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். “தம்பி, இதுக்குத் தீன் போட உன்ரை சம்பளம் காணுமோ?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

யானையின் குலமும் குணமும்

எமது வண்டி 280 எஸ்.இ. என்னும் வகையைச் சேர்ந்தது. ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத்துக் கண்காட்சியில் 1979ஆம் ஆண்டு முதன்முதலாகக் காட்டப்பட்ட பெருங்கார் வரிசையின் ஓர் உறுப்பு அது. அவ்வரிசையின் உருவை வகுத்த குழுவின் தலைவர் இத்தாலியில் பிறந்த புறூனோ சாக்கோ. அவர் 2024ஆம் ஆண்டிற் காலமானார். 1991ஆம் ஆண்டுவரை ஜேர்மனியில் எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கார்கள் அவ்வரிசையில் செய்யப்பட்டன. நாட்டுத் தலைவர்களும் பெருவணிகரும் ஏறிச்செல்வதற்கென்றே செய்யப்பட்டவை அவை. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியிருந்த காலத்தில் உருவானமையால், பெருமையோடு சிக்கனத்தையும் அவற்றைச் செய்தவர்கள் எண்ண நேர்ந்தது. காற்றைக் கிழித்துச் செல்லத்தக்க வடிவும், கனம் குறைந்த உறுதியான உருக்கும் அவ்வெண்ணத்தின் பயன்களே. சிக்கனம் என்றது பெருஞ்செல்வரின் சிக்கனம். ஆசிரியரின் சிக்கனம் வேறு!

ஆறு உருளைகள் ஒரே வரிசையில் நிற்கும் அதன் இயந்திரம் 2746 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 185 குதிரை வலுவும் உடையது. வரிசையாக நிற்கும் ஆறு உருளைகளில் ஒன்றின் அசைவை மற்றொன்று ஈடுசெய்வதால் நடுக்கம் மிகக் குறைவு. விளக்குக் கம்பத்தருகே வண்டி ஓடிக்கொண்டு நிற்கும்போது, இயந்திரம் நின்றுவிட்டதோ என்று ஐயுற்றுத் திறப்பை மீண்டும் முறுக்கிய அனுபவம் எமக்குண்டு. நான்கு சில்லுகளுக்கும் சுருள்வில். முன்னும் பின்னும் தட்டுப் பிறேக். ஆசனத்தை முன்னும் பின்னும் மேலும் கீழும் அசைக்கும் பொத்தான்கள் கதவிலே ஆசனத்தின் வடிவாகவே அமைந்திருக்கும். எழுத்தறியாத குழந்தைகூட அதைப் பார்த்தே ஆசனத்தை நகர்த்திவிடும். ஒரு பொருளைப் பயன்படுத்துபவன் திகைக்கக்கூடாது என்று எண்ணிச் செய்தவனின் கண்ணியம் அச்சிறு பொத்தானில் எமக்குத் தெரிகிறது.

இத்தகைய வண்டியை ஓட்டுவதன் இன்பம் வேகத்தில் இல்லை. அவசரப்படத் தேவையில்லை என்ற எண்ணத்தை அது எம் உள்ளத்தில் உண்டாக்கிவிடுகிறது. அதுவே அதன் இன்பம். பெரிய சுக்கானைப் பற்றி, நீண்ட பொனற்றின் முனையில் நிற்கும் மூன்று கதிர் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு செல்லும்போது, எம்மை முந்திப்போகும் இளைஞர்மீது எமக்குக் கோபமே வருவதில்லை.

மண்ணெண்ணெய் குடித்த குதிரை

தந்தையாரின் ஏளனத்திற்குத் தக்க காரணம் இருந்தது. அவரிடம் முன்னர் ஓர் ஒஸ்ரின் ஏ40 இருந்தது. 1990ஆம் ஆண்டின்பின் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருவது அரிதாகியபோது, அந்த ஒஸ்ரின் மண்ணெண்ணெயிலே ஓடியது. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகை கக்கிக்கொண்டு அது புறப்படும். ஊரில் எத்தனையோ கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் ஆசுபத்திரிக்குக் கொண்டு சேர்த்தது அந்தக் குதிரை. நாம் அப்பொழுது அரைக் காற்சட்டைச் சிறுவர். போத்தலைப் பிடிக்கும் உரிமை எமக்கே உரியதாயிருந்தது.

மாணவர்கள் அறியவேண்டிய விடயம் ஒன்று இங்கே உண்டு. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாது; ஆகையாற்றான் குளிர்ந்த இயந்திரம் அதில் எழும்பாது. அன்றியும், காற்றோடு கலந்து மிகுதியாக அழுத்தப்பட்டால், உரிய வேளைக்கு முன்னரே தானாகத் தீப்பற்றி உருளையை இடிக்கும். ஒஸ்ரினின் அழுக்க விகிதம் 7 சொச்சமே; அதனால் அது பொறுத்துக்கொண்டது. பென்ஸ் இயந்திரத்தின் அழுக்க விகிதம் 9 அளவானது. அது மண்ணெண்ணெயைத் தீண்டாது. “பஞ்சத்திலை உதவாத வாகனம் வாகனமே?” என்பது தந்தையாரின் தருக்கம்.

அத்தருக்கத்திற்கு 2022ஆம் ஆண்டு சான்று பகர்ந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நாட்கணக்காக வரிசைகள் நீண்டன. பின்னர் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று பங்கிட்டார்கள். எமது வண்டியின் தாங்கியோ 90 லீற்றர் கொள்வது. யானைக்குச் சோளப்பொரி என்றால் அதுவே! மாதக்கணக்காக அது வேப்பம்பூவை உடலெங்கும் பூசிக்கொண்டு நின்றது. நாம் சைக்கிளில் கல்லூரிக்குச் சென்றோம். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் இருந்து சைக்கிளையும் காரையும் மாறிமாறிப் பார்த்தார், அது போதாதா?

ஒரு விலையும் ஒரு விருப்பமும்

2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டிலேயே சொந்தப் பாவனைக்கான கார்கள் மீண்டும் வரத்தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஏறியது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பு வணிகர் ஒருவர் எம் யானையைக் கேட்டு ஆளனுப்பினார். அவர் சொன்ன தொகை எமது இரண்டு ஆண்டுச் சம்பளத்தினும் அதிகம். வீட்டுக் கூரையின் ஓடுகள் மாற்றவேண்டிய நிலையில் இருந்தன. மகள் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். கணக்குப் புத்தகத்தைப் பேணும் எம் இல்லாள், “யோசியுங்கோ” என்றாள். நாமும் யோசித்து, சித்திரை விடுமுறைக்குப் பின் முடிவு சொல்வதாக அறிவித்தோம். உள்ளத்தில் முடிவு ஏறக்குறைய ஆகிவிட்டது. தந்தையாரிடம் அதனைச் சொல்லவில்லை.

அந்த வேளையிலேதான் அவர் ஒரு நாள் உணவருந்தும்போது, “பேராதனையை ஒருக்காப் பார்க்கவேணும்” என்றார்.

தந்தையாருக்கு அப்பொழுது 81 வயது. 1963 முதல் பேராதனையில் கணிதம் பயின்ற பட்டதாரி அவர். 1982ஆம் ஆண்டிற்குப் பின் அவ்விடத்தை அவர் கண்டதில்லை. போர்க்காலத்தில் பாதை மூடிக்கிடந்தது. பாதை திறந்தபோது அவருடைய முள்ளந்தண்டு மூடிக்கொண்டது. அரைமணி நேரம் பேருந்தில் இருந்தால் இரண்டு நாள் பாயில் கிடப்பார். முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றரை அவர் எங்ஙனம் கடப்பது?

முற்றத்திலே யானை நின்றது. அதன் பின்னாசனத்தை நாம் அன்றுதான் உண்மையாகப் பார்த்தோம். நாட்டுத் தலைவருக்கென்று செய்த ஆசனம் ஒரு வயோதிபருக்கு உதவாதா?

ஏ9 பாதையிலே

சித்திரைப் புத்தாண்டு கழிந்த மூன்றாம் நாள், விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். பின்னாசனத்தில் தலையணைகளுக்கு நடுவே தந்தையார், அவர் அருகே மகள், முன்னே இல்லாள். சாவகச்சேரியும் பளையும் இருளிலே கழிந்தன. ஆனையிறவில் பொழுது புலர்ந்தது. இருமருங்கும் பரவைக் கடல் தகடுபோல் கிடந்தது. “ஆனையிறவை ஆனை கடக்குது” என்றாள் மகள். தந்தையார் சிரித்தார். அவர் சிரிப்பைக் கண்ணாடியிற் கண்டு நாமும் சிரித்தோம். ஆயினும் அவ்விடத்தை எம்மவர் எவரும் முழுச் சிரிப்போடு கடத்தல் இயலாது. 1991இலும் 2000இலும் 2009இலும் அம்மண் குடித்த இரத்தத்தை நினையாதார் யார்? பாதை மூடிக்கிடந்த தொண்ணூறுகளில் கிளாலிக் கடலைத் தோணியில் இரவிரவாகக் கடந்த கதையைத் தந்தையார் பேர்த்திக்குச் சொல்லத் தொடங்கினார். 2002ஆம் ஆண்டில் பாதை திறந்ததும், 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியதும், போர் முடிந்தபின் திரும்பத் திறந்ததும் அவளுக்குப் பாடப்புத்தகச் செய்திகள்போல் இருந்தன.

கிளிநொச்சியைத் தாண்டி முறிகண்டியில் நிறுத்தினோம். அச்சிறு பிள்ளையார் கோவிலில் நில்லாது போகும் வாகனம் அரிது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, தந்தையாரைச் சிறிது நடக்கவைத்து, இருபது நிமிடம் கழித்துத் திறப்பை முறுக்கினோம். இயந்திரம் சுழன்றது, எழும்பவில்லை. மீண்டும் முறுக்கினோம்; பயனில்லை. வெயில் ஏறத்தொடங்கியது. அருகே நின்ற வான் சாரதி ஒருவர், “மாஸ்ரர், பழசு பழசுதான், கட்டி இழுக்கத்தான் வேணும்” என்றார். இல்லாள் எம்மைப் பார்த்தாள். கொழும்பு வணிகரின் தொகை எம் கண்முன் நின்றது.

அப்பொழுது பின்கதவு திறந்தது. தந்தையார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னே வந்தார். “பொனற்றைத் திற” என்றார். இயந்திரத்தின் மேற்புறத்தைத் தொடாமல் கையை அண்டிப் பிடித்துப் பார்த்தார். “பெற்றோல் குழாய்க்குள்ளை ஆவி கட்டிப்போச்சு. ஒஸ்ரினுக்கும் வாறதுதான். ஈரச்சீலை கொண்டுவா.”

மகள் தன் சால்வையைக் குடிதண்ணீரில் நனைத்துக் கொடுத்தாள். தந்தையார் காட்டிய இடங்களில் அதனைச் சுற்றினோம். பத்து நிமிடம் காத்திருந்தோம். தந்தையார் கச்சானை உரித்து வான் சாரதிக்கும் கொடுத்தார். பின்பு, “இப்ப விடாமல் கொஞ்சநேரம் முறுக்கு” என்றார். ஆறு உருளைகளும் ஒவ்வொன்றாய் விழித்து, ஒன்றாய்க் குரல் கொடுத்தன. வான் சாரதி கைதட்டினார். தந்தையார் ஒன்றும் பேசாது மீண்டும் பின்னாசனத்தில் ஏறினார்; ஏறும்போது கதவுத் தூணை ஒருமுறை தட்டிக்கொடுத்ததை நாம் கண்டோம்.

(ஊர் திரும்பியபின் எமது மெக்கானிக் அவர் சொன்னதையே சொன்னார். இயந்திரம் நின்ற பின்னரும் பெற்றோலை அழுத்தத்தில் வைத்திருக்கும் சிறு கலம் ஒன்று பழுதடைந்திருந்தது. அழுத்தம் குறையவே, சூட்டில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகியிருந்தது. புதிய கலம் இட்டபின் அக்குறை இல்லை.)

மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று வன்னிக் காடுகள் பின்னோடின. வவுனியாவில் நிறுத்தவேண்டுமா என்று கேட்டபோது, “ஏன் நிற்பாட்டவேணும்? போ” என்ற விடை வந்தது. மதவாச்சி, மிகிந்தலை, மரதன்கடவலை. பாதையின் மேடுபள்ளங்கள் சுருள்விற்களுக்குள் புகுந்து காணாமற் போயின. தம்புள்ளையை அடையுமுன் கண்ணாடியிற் பார்த்தோம்; தந்தையார் உறங்கிக்கொண்டிருந்தார். கடந்த பத்து ஆண்டுகளில் நோவு மருந்தின்றி அவர் பகலில் உறங்கியதை நாம் கண்டதில்லை. வேகத்தை இன்னும் குறைத்தோம்.

நாலந்தையில் எழுந்துகொண்டார். அங்கே தென்னிந்தியக் கோயில் வடிவில் அமைந்த பௌத்த கற்றளி ஒன்று உண்டு. நீர்த்தேக்கம் அமைத்தபோது நீரில் மூழ்காதிருக்கக் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் மீண்டும் கட்டினார்கள். வரலாற்றாசிரியராகிய நாம் அதனை மகளுக்கு விளக்கத் தொடங்கினோம். “பழசெண்டு விடாமல் கட்டியிருக்கிறாங்கள்” என்று தந்தையார் சுருக்கமாக முடித்துவிட்டார்.

அலுவிகாரையையும் மாத்தளை முத்துமாரியம்மன் கோபுரத்தையும் கடந்து மலைப்பாதையில் ஏறினோம். வண்டி ஒரு படி கியர் இறங்கி, முனகாது ஏறியது. அக்குறணையின் நெருக்கடியில் வெப்பமானியின் முள் சிறிது உயர்ந்து எம்மை அஞ்சவைத்தது. குளிரூட்டியை நிறுத்தி, யன்னல்களைத் திறந்தோம். மலைக்காற்று உள்ளே வந்தது. கட்டுகஸ்தோட்டையில் மகாவலி தெரிந்ததும் தந்தையார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பேராதனையில்

1942ஆம் ஆண்டிற் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டிற் பேராதனைக்குப் பெயர்ந்தது. ஹந்தானை மலைச்சாரலையும் மகாவலி நதியையும் கெடுக்காமல், அவற்றோடு இயைய அமைத்த வளாகம் அது. மறுநாட் காலை உள்ளே மெல்ல ஊர்ந்து சென்றோம். பெருமரங்களின் நிழல் பொனற்றின்மேல் வழிந்தோடியது. “இதிலை திருப்பு… இதிலை மெல்லப் போ” என்று தந்தையார் வழி சொன்னார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தும் ஒரு திருப்பமும் அவருக்குத் தவறவில்லை.

சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயர் பூண்ட மண்டபத்தின் முன் நிறுத்தச் சொன்னார். அவர் தங்கிப் படித்த விடுதி அது. இறங்கவில்லை. யன்னலைத் தாழ்த்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பின் பேர்த்தியிடம், முதல் நாள் தகரப்பெட்டியோடு வந்து இறங்கிய கதையையும், பொல்காவலையில் ரயில் மாறும்போது அப்பெட்டியைத் தவறவிடப் பார்த்த கதையையும் சொன்னார். அவருடைய தந்தையார் ஒரு தோட்டக் காணியை ஈடுவைத்தே அவரை அனுப்பினாராம். அச்செய்தியை நாமும் அன்றுதான் முதன்முறை கேட்டோம்.

“அப்பப்பா, அந்தக் காணி திரும்பினதோ?” என்று மகள் கேட்டாள்.

“இல்லை, பிள்ளை. ஆனால் நான் திரும்பி வந்தனான்” என்றார்.

வெளியூரில் தங்கிப் படிக்கமாட்டேன் என்று அதுவரை பிடிவாதமாய் இருந்த மகள், அன்று மாலை, எந்தெந்தப் பாடநெறிகள் பேராதனையில் உண்டு என்று எம்மிடம் விசாரித்தாள்.

கணக்கு

இரண்டு நாள் தங்கி ஊர் திரும்பினோம். வழியில் எவ்விடத்தும் யானை முரண்டு பிடிக்கவில்லை. அப்பொழுது பெற்றோல் லீற்றர் 370 ரூபாவளவில் விற்றது. ஒரு வழிக்கு 45 லீற்றர் ஆயிற்று. போக்குவரவுக்கு 33,000 ரூபாவுக்கு மேல்! அப்பணத்தில் நால்வரும் பேருந்திற் போய்வந்து மிச்சமும் பிடித்திருக்கலாம். ஆனால் நால்வரில் ஒருவர் போயிருக்கமாட்டார்.

அன்றிரவு கொழும்பு வணிகரின் தொலைபேசி அழைப்பு வந்தது. நாம் பதில் சொல்லத் தயங்கி நின்றோம். சாய்மனைக் கதிரையில் இருந்த தந்தையாருக்கு விடயம் விளங்கிவிட்டது. “யானையை விற்கப்போறியோ? பிறகு நான் எதிலை போறது?” என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாக அதனை ஏசிய வாய் அது. இல்லாளைப் பார்த்தோம். கணக்குப் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள். “ஓடு இன்னும் ரண்டு மாரி தாங்கும்” என்றாள்.

அவள் சொன்ன இரண்டு மாரியுள் ஒன்றிலேயே சாமியறை ஒழுகியது. அங்கு ஒரு வாளி வைத்தோம். அதனையும் மறையாது சொல்லத்தான் வேண்டும். பழைய பெரிய காரை வைத்திருப்பது அறிவுடைமை என்று எவருக்கும் நாம் புத்தி சொல்லவரவில்லை. உதிரிப்பாகம் ஒன்றுக்கு மாதக்கணக்காகக் காத்திருக்கவேண்டும். நல்ல மெக்கானிக்கின் நட்பு உறவினரின் நட்பினும் பெறுமதியாகிவிடும். பயன் ஒன்றையே நோக்குவோர் சிறிய காரொன்றை வாங்குவதே நன்று.

ஆயினும், ஆடம்பரம் என்று நாம் இகழும் பொருள்களுள் சில, பிறரின் உடல்நோவை எண்ணிச் செய்யப்பட்டவை. செல்வருக்கென்று செய்த மென்மை, நாற்பது ஆண்டு கழித்து, யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரின் முள்ளந்தண்டுக்குக் கிட்டியது. பொருள் பழசானால் அது எவர் கைக்கும் வரும். வந்தபின் அதனை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே எம் பொறுப்பு.

இப்பொழுது ஞாயிறு மாலைகளில் யானை பண்ணைப் பாலம் வரை செல்கிறது. கடற்காற்று வாங்கிக்கொண்டு தந்தையார் பின்னாசனத்தில் அமர்ந்திருப்பார். திரும்பும்போது எரிபொருள் முள்ளை எட்டிப் பார்த்து, “தீன் காணுமோ, தம்பி?” என்று கேட்பார்.

“காணும், ஐயா” என்போம். காணாத நாள்களிலும் அவ்வாறே சொல்கிறோம்.